ஒதுங்கி நிற்கும் ஆண்கள்

‘ஆல்ஃபா ஆண்’ என்ற சொல் இன்று ரீல்ஸ் வரைக்கும் வந்துவிட்டது. ஜிம் விளம்பரத்திலும், காதலுக்கு ஆலோசனை சொல்லும் யூடியூப்காரர்கள் வாயிலும் அது தாராளமாகப் புழங்குகிறது. விலங்குக் கூட்டத்தில் மேல் கீழ் வரிசை உண்டு என்று முதலில் கணக்கெடுத்து எழுதியவர் பார்த்தது என்னவோ ஆண்களை அல்ல. பெட்டைக் கோழிகளை.

நார்வேயில் 1894-இல் பிறந்த தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே சிற்பிகளின் மகன். சிறுவனாக இருக்கும்போதே கோழிகளின் முன்னால் உட்கார்ந்து எது எதைக் கொத்துகிறது, எதற்கு எது வழிவிடுகிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார். வளர்ந்தபின் அதையே ஆராய்ச்சியாக்கி 1922-இல் ஜெர்மன் மொழியில் கட்டுரை எழுதினார். கொத்து வரிசை என்று உலகம் முழுக்கப் பரவிய கருத்து அதிலிருந்து வந்தது. அவர் கண்டவற்றில் பிற்பாடு பலர் வசதியாக மறந்துவிட்ட ஒன்றும் இருக்கிறது. வரிசை எப்போதும் ஏணிபோல நேராக இருப்பதில்லை. முதல் கோழி இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், மூன்றாவது போய் முதல் கோழியையே கொத்தும். பலம்தான் வரிசையைத் தீர்மானிக்கிறது என்றால் இப்படி ஒரு முக்கோணம் வர வழியே இல்லை.

வேறொன்றும் கவனிக்கத்தக்கது. கொத்துகிறவள் ஒரு நொடியில் கொத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள். நாள் முழுக்க அந்த வரிசையைச் சுமப்பவள் கொத்து வாங்கியவள்தான். யார் எந்தப் பக்கம் வருகிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும், யாரிடம் எப்போது தோற்றோம் என்று நினைவில் வைக்க வேண்டும், கொத்து விழும் முன்னால் நகர்ந்துவிட வேண்டும். அவள் நகராவிட்டால் அங்கே வரிசை கிடையாது. ஓயாத சண்டைதான் இருக்கும். ஆண் விலங்குகளின் நில உரிமை பற்றியும் இணைசேரும் போட்டி பற்றியும் எழுதப்படும்போது படம் போடப்படுவது வென்றவனுக்கு. கொம்பை உயர்த்தி நிற்பவன், மார்பைத் தட்டுபவன், கூட்டத்துக்கு நடுவே படுத்திருப்பவன். எனக்கென்னவோ விஷயம் முழுக்க எதிர்ப்பக்கத்தில், வழிவிட்டு நிற்கிறவனிடம் இருப்பதாகவே படுகிறது.

நம்மூர்ச் சந்தையில் ஜிலேபிக் கெண்டை என்று கூறு வைத்து விற்கிறார்களே, அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சிக்லிட் குடும்பத்து மீன். குளம் வற்றும்போது அடிமண்ணில் கிண்ணம் கிண்ணமாகக் குழிகள் தெரியும். ஆண் மீன் பறித்த குழிகள் அவை. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சின்ன மீன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கனீக்கா ஏரியில், கரையோர ஆழமில்லாத் தண்ணீரில் வாழ்கிறது. அஸ்டாடோடிலாப்பியா பர்டோனை என்பது அறிவியல் பெயர். இதன் ஆண்களில் இரண்டு வகை என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார். ஒருவன் பளிச்சென்ற நீலமோ மஞ்சளோ பூசியவன். கண்ணைக் குறுக்கே வெட்டிப்போகும் கறுப்புக் கோடு, செவுளுக்குப் பின்னால் செந்நிறத் திட்டு. இன்னொருவன் மண் நிறம். பெண் மீன்களோடு கலந்து திரிந்தால் ஆணென்றே தெரியாது. முதலாமவனுக்கு நிலம் இருக்கிறது, இரண்டாமவனுக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். எந்த நேரத்தில் எண்ணினாலும் நிலமுள்ளவர்கள் ஆண்களில் 10 முதல் 30 சதவீதம்.

நிலமென்று சொன்னாலும் அது ஒரு குழியும் அதைச் சுற்றிய கொஞ்சம் மண்ணும்தான். அதை அவன் வாயால் மண்ணை அள்ளி அள்ளித் துப்பித் தோண்டுகிறான். பக்கத்து நிலக்காரன் எல்லையில் வந்து நிற்க, இருவரும் பக்கவாட்டில் உடலை நடுக்கிக் காட்டிக்கொள்கிறார்கள். பெண் வந்தால் வாலை ஆட்டிக் குழிக்குக் கூட்டிப்போகிறான். அவள் முட்டையிட்டு உடனே அவற்றை வாயில் அள்ளிக்கொள்கிறாள். அவன் அடித்துடுப்பில் முட்டையைப் போலவே ஆரஞ்சு நிறப் புள்ளிகள் இருக்கின்றன. அவள் அவற்றைக் கவ்வ வருகையில் அவன் விந்தைச் செலுத்த, வாய்க்குள்ளேயே கருத்தரிப்பு நடந்துவிடுகிறது. குஞ்சுகள் இரண்டு வாரம் போல அவள் வாயிலேயே வளர்கின்றன. குழி இல்லாத ஆணுக்கு இந்தச் சடங்கில் இடமே இல்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் ஃபெர்னால்டும் அவரது மாணவர்களும் பல பத்தாண்டுகள் இந்த மீனோடு வாழ்ந்தார்கள். அவர்களது சோதனைகளில் ஒன்று 2005-இல் வெளிவந்தது. தொட்டியில் ஒரு நிலக்காரனும் அவனுக்குக் கீழ்ப்பட்ட ஆணும். விடிவதற்கு முன், விளக்குகள் அணைந்திருக்கும் இருட்டில் நிலக்காரனைத் தூக்கிவிடுகிறார்கள். விளக்கு எரிகிறது. நேற்றுவரை வாலைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் தொட்டியை ஒரு சுற்றுப் பார்க்கிறான். அண்ணனைக் காணோம். சில நிமிடங்களில் கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு விழுகிறது, உடம்பில் நிறம் ஏறுகிறது, மற்றவர்களை விரட்ட ஆரம்பித்துவிடுகிறான். இருபது நிமிடங்களுக்குள் மூளையில், இனப்பெருக்கத்தை ஏவிவிடும் நரம்பணுக்கள் இருக்கும் பகுதியில், மரபணு ஒன்று விழித்தெழுந்து வேலை செய்கிறது. அடுத்த நாட்களில் அந்த நரம்பணுக்களே பல மடங்கு பருத்துவிடுகின்றன. விந்துச் சுரப்பியும் கூடவே வளர்கிறது.

பதவி போனாலும் இதே கதைதான், தலைகீழாக. தன்னைவிடப் பெரியவர்கள் இருக்கும் தொட்டியில் நிலக்காரனைக் கொண்டுபோய் விட்டால் அவன் நிறம் வடிந்துவிடுகிறது. மூளையில் பருத்த அணுக்கள் மெல்லச் சுருங்குகின்றன. ஏறும்போது இருக்கும் வேகம் இறங்கும்போது இல்லை. நிறம் உடனே போய்விட, உள்ளே உடம்பு சில வாரங்கள் தயங்குகிறது. பதவி போனாலும் விசிட்டிங் கார்டை வைத்துக்கொண்டிருக்கிற மனிதர்கள் நினைவுக்கு வரலாம். மீன் விஷயத்தில் அதற்குக் காரணமும் இருக்கிறது. ஏரியில் நிலம் ஒரு நாளைப்போல ஒரு நாள் இருப்பதில்லை. காற்றடித்தால் அடிமண் நகரும், நீர்யானை நடந்தால் குழிகள் தூர்ந்துபோகும். இன்று இழந்தவன் அடுத்த வாரமே இன்னொரு குழியைப் பிடிக்கக்கூடும்.

இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு இவற்றைவிடப் பிடித்தது. நிலைமை அடிக்கடி மாறும் தொட்டிகளில் நிலமில்லாத ஆண்கள் நிலமுள்ளவர்களைவிட வேகமாக வளர்கிறார்கள். காவல் காப்பதிலும் விரட்டுவதிலும் பெண்ணைக் கவர்வதிலும் நிலக்காரனின் சாப்பாடும் சக்தியும் தீர்ந்துபோகின்றன. ஒதுங்கியவன் தின்கிறான், வளர்கிறான். இந்த மீனின் கணக்கில் தோல்வி என்பது ஒரு காத்திருப்பு. அதைக் கோழைத்தனம் என்று நாம் படிப்பது நம்முடைய பழக்க தோஷம்.

அவன் சும்மா காத்திருப்பதும் இல்லை. வேடிக்கை பார்க்கிறான். 2007-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது. நடுத்தொட்டியில் ஒரு பார்வையாளன், சுற்றிலும் ஐந்து ஆண்கள். ஒன்றாமவன் இரண்டாமவனை வெல்வதை அவனுக்குக் காட்டுகிறார்கள், பிறகு இரண்டாமவன் மூன்றாமவனை வெல்வதை, மூன்றாமவன் நான்காமவனை, நான்காமவன் ஐந்தாமவனை. அப்புறம், ஒருபோதும் மோதியே பார்க்காத இரண்டாமவனையும் நான்காமவனையும் அவனுக்கு இருபுறமும் வைக்கிறார்கள். பார்வையாளன் நான்காமவன் பக்கம் போகிறான். இவர்களில் யார் இளைத்தவன் என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான். பள்ளிக்கூடத்தில் நாம் தடுமாறிய கணக்கு இது.

இந்தச் சோதனையில் சண்டைகளின் முடிவை ஆய்வாளர்கள் எப்படி முன்கூட்டியே அமைத்தார்கள் தெரியுமா? ஐந்து பேரும் ஏறக்குறைய ஒரே அளவு. யார் தோற்க வேண்டுமோ அவனைத் தூக்கி அடுத்தவன் நிலத்தில் போட்டார்கள், அவ்வளவுதான். சொந்த நிலத்தில் இருப்பவன் வென்றுவிடுவான். தன் ஊருக்கு யானை, அயலூருக்குப் பூனை என்று நாம் சொல்வது இந்த மீனுக்கு அட்சரசுத்தமாகப் பொருந்துகிறது. பலசாலிக்கு நிலம் கிடைக்கிறது என்பது பாதி உண்மை. நிலம் கிடைத்தவன் பலசாலியாகிவிடுகிறான் என்பது மீதிப் பாதி.

கலிஃபோர்னியாவின் அன்யோ நுவேவோ கடற்கரையில் யானைச் சீல்கள் கூடும் காலம் டிசம்பரில் தொடங்கும். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள ஆண்கள் ஏறக்குறைய மூன்று மாதம் தண்ணீர்ப் பக்கமே போகாமல், ஒரு வாய் தின்னாமல் கரையில் கிடக்கிறார்கள். பெண்களின் கூட்டத்தைக் காப்பவர்கள் மிகச் சிலர். கணிசமான ஆண்கள் வாழ்நாளில் ஒருமுறைகூட இணைசேராமலே செத்துப்போகிறார்கள். ரத்தம் சொட்டும் சண்டைகள்தான் டாக்குமெண்டரிகளில் வருகின்றன. கரையில் நடக்கும் மோதல்களில் பெரும்பாலானவை சத்தத்தோடு முடிந்துவிடுகின்றன. கேரலைன் கேசியும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் ஒலிபெருக்கியில் குரல்களை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். தன்னைத் தோற்கடித்தவனின் குரல் கேட்டால் ஆண் பின்வாங்குகிறது. தன்னிடம் தோற்றவனின் குரல் கேட்டால் முன்னேறுகிறது. முன்பின் தெரியாதவன் குரலுக்கு அப்படி எதுவும் நடப்பதில்லை. குரலில் பயமுறுத்தும் குணம் ஏதும் கிடையாது, ஆள் அடையாளம்தான் உண்டு. ஒவ்வொரு குரலுக்கும் உரிய தாளத்தையும் நாதத்தையும் எதிராளிகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஒருவனின் பதவி என்பது மற்றவர்களின் நினைவுதான் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் இதைப் பார்க்க வேண்டுமென்றால் வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடியக்கரைக்குப் போகலாம். 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தப் புல்வெளியில் வெளிமான்கள் இருக்கின்றன. முறுக்குக் கொம்பு ஆணுக்கு மட்டும். முதிர முதிர முதுகின் பழுப்பு கருமைக்குத் திரும்பும். வடக்கத்தி ஆண்கள் அளவுக்கு நம்மூர் ஆண்கள் கறுப்பதில்லை. இடம் பிடித்த ஆண் மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்பு முதுகில் படியும்படி தலையைச் சாய்த்து, காதைத் தழைத்து, மெல்ல மெல்லக் கால் வைத்து நடக்கும். கண்ணுக்கு முன்னால் இருக்கும் சுரப்பி விரிந்து ஒரு கறுத்த வாய்போலத் திறந்திருக்கும். அதைப் புல் நுனியிலும் குச்சியிலும் தேய்த்துவிட்டுப் போகும். தினமும் ஒரே இடத்துக்கு வந்து புழுக்கை போடும். அந்தக் குவியல்தான் அதன் பட்டாவும் வேலிக்கல்லும். எல்லையில் வேறொரு ஆண் நின்றால் இரண்டும் பக்கம் பக்கமாக நடந்து, பெரும்பாலும் முட்டாமலே பிரிந்துவிடும். தூரத்தில், பெண்கள் இல்லாத மேய்ச்சலில், ஆண்கள் மட்டும் உள்ள மந்தை ஒன்று நிற்கும். சின்னக் கொம்பு, நடுத்தரக் கொம்பு, பெரிய கொம்பு எல்லாம் அதில் இருக்கும். இடம் கிடைக்காதவையும் இருந்த இடத்தை இழந்தவையும் சேர்ந்த கூட்டம் அது. சுற்றுலா வருபவர் யாரும் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை.

குஜராத்தில் பாவ்நகருக்கு அருகேயுள்ள வேளாவதரில் இதே மான் இன்னும் விசித்திரமாக நடந்துகொள்கிறது. அங்கே ஆண்கள் நெருக்கியடித்து, ஆளுக்கு ஒரு சிறு திட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்தத் திட்டில் மேய்ச்சல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. பெண் மான்கள் அந்த மைதானத்துக்கு வந்து, திட்டுத் திட்டாகக் கடந்து, சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டுப் போகின்றன. பெண்கள் விரும்பும் திட்டுக்குத்தான் சண்டையும் அதிகம். கவிதா ஈஸ்வரன் போன்ற ஆய்வாளர்கள் இந்த மானைத் தொடர்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒரே இனம், ஓரிடத்தில் மேய்ச்சல் நிலத்தைக் காக்கிறது. இன்னோரிடத்தில் வெறும் தரையைக் காக்கிறது. பெண்கள் எப்படிக் கூடுகின்றன, எங்கே நடமாடுகின்றன என்பதை ஒட்டி ஆணின் பதவிக்கு வடிவமே மாறிவிடுகிறது. ஆண்களுக்கு இடையிலான போட்டி என்று நாம் தலைப்புப் போட்டாலும் விதிகளை வகுப்பதில் பெண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு.

கோடியக்கரையைவிட்டு நகரும் முன் ஒன்று. குளிர்காலத்தில் அங்கே சேற்றில் உள்ளான்களோடு ரஃப் என்ற பறவையும் மேயும். பார்க்க எந்த விசேஷமும் இராது. சைபீரியாவுக்குத் திரும்பியதும் ஆண்களுக்குக் கழுத்தைச் சுற்றி விசிறி போல இறகு முளைத்துவிடும். வெளிமானைப் போலவே மைதானத்தில் ஆளுக்கொரு திட்டைப் பிடித்துக்கொள்ளும். அவற்றிலும் எல்லா ஆணும் திட்டுப் பிடிப்பதில்லை. வெள்ளைக் கழுத்து ஆண்கள் சில சண்டைக்கே போகாமல் நிலக்காரன் பக்கத்தில் போய் நிற்கும். நிலக்காரனும் விரட்டாது, ஏனென்றால் இரண்டு பேர் நிற்கும் திட்டுக்குப் பெண்கள் அதிகம் வரும். மிக அரிதான மூன்றாம் வகை ஆண் பெண்ணைப் போலவே தோற்றம் கொண்டது. கூட்டத்துக்குள் நுழைந்து காரியத்தை முடித்துவிடும். இது ஒருவனின் தந்திரம் அல்ல, பிறவியிலேயே வருவது. குரோமோசோமின் ஒரு துண்டு சுமார் 38 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தலைகீழாகத் திரும்பியதன் விளைவு என்று 2015-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. சண்டை போடாத ஆண் இத்தனை லட்சம் ஆண்டுகள் வம்சம் தழைத்து வந்திருக்கிறான்.

யானைக்கு வருவோம். மதம் என்பது நமக்குப் புதிதில்லை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே வழியும் மதநீரைப் பற்றி நம் இலக்கியம் பேசாத காலமே இல்லை. தெப்பக்காடு முகாமில் ஒரு மாவுத்தரிடமோ அவருக்கு உதவியாளரான காவடியிடமோ கேட்டால் எந்த யானைக்கு எந்த மாதம் மதம் வரும், எத்தனை நாள் தனியே கட்டிவைக்க வேண்டும் என்று விரல் விட்டுச் சொல்வார்கள். மேற்கத்திய அறிவியலோ ஆப்பிரிக்க யானைக்கு மதம் கிடையாது என்று வெகுகாலம் நம்பியிருந்தது. கென்யாவின் அம்போசெலியில் ஜாய்ஸ் பூலும் சிந்தியா மாஸும் சிறுநீர் சொட்டச் சொட்ட நடக்கும் ஆண்களைப் பார்த்து முதலில் ஏதோ நோய் என்றே நினைத்தார்கள். அது மதம்தான் என்று அவர்கள் நேச்சரில் எழுதியது 1981-இல்.

மதம் வரிசையைக் கலைத்துப்போடுகிறது. சாதாரண நாட்களில் ஆண் யானைகளுக்குள் பெரியவனுக்குச் சிறியவன் வழிவிடுவான்; பெரும்பாலும் வயதுதான் அளவு, ஏனென்றால் ஆண் யானை வெகுகாலம் வளர்ந்துகொண்டே இருக்கும். மதம் வந்துவிட்டால் சிறியவனுக்குப் பெரியவன் வழிவிடுகிறான். ராமன் சுகுமாரும் கற்பகம் செல்லையாவும் காசிரங்காவில் பார்த்து 2013-இல் எழுதியதிலும் இதுதான் தெரிகிறது. அங்கே தந்தமில்லாத மக்னாக்கள் நிறைய. தந்தம், உடல் அளவு, மதம் மூன்றில் எது மோதலைத் தீர்மானிக்கிறது என்று பார்த்தால் மதமே முன்னால் நிற்கிறது. தந்தத்துக்குக் கடைசி இடம். யானை என்றால் தந்தம் என்று நினைத்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் சங்கடம்.

மதத்தை நினைத்த நேரத்தில் நினைத்தவன் ஏற்றிக்கொள்ள முடியாது. இளம் ஆணுக்கு வந்தால் சில நாள். நாற்பது தாண்டியவர்களுக்கு மாதக்கணக்கில். பெரியவன் மதத்தில் இருக்கும்போது பக்கத்திலிருக்கும் இளையவனுக்கு மதம் வற்றிப்போகிறது. இந்த அடக்குதல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் பிலானெஸ்பெர்க் காட்டிவிட்டது. க்ரூகர் பூங்காவில் யானைகளைச் சுட்டுக் குறைத்தபோது மிஞ்சிய அநாதைக் கன்றுகளை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பெரிய ஆண்கள் யாரும் இல்லை. ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப் பூ சர்க்கரையான கதையாக, இந்தப் பையன்கள் உரிய வயதுக்கு முன்பே மதம் கொண்டார்கள். சிலருக்கு அது மாதக்கணக்கில் நீடித்தது. 1992-இலிருந்து 1997 வரை 40-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றார்கள். 1998-இல் க்ரூகரிலிருந்து ஆறு பெரிய ஆண்களைக் கொண்டுவந்தார்கள். பையன்களின் மதம் அடங்கியது. கொலைகள் நின்றன.

இதைப் படித்துவிட்டு, பையன்களுக்கு அடக்க ஒரு கை வேண்டும் என்று நீதி எடுக்கத் தோன்றும். பலர் எடுத்தும் இருக்கிறார்கள். நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். ஆறு பெரியவர்கள் வந்ததும் பையன்கள் அடங்கியது பயத்தால் மட்டும் என்றால் கதை பாதிதான். விலகிப்போக ஓர் ஆள் கிடைத்ததும் அவர்களின் உடம்புக்கு ஓய்வு கிடைத்தது. மதம் சாதாரணச் செலவில்லை. மதத்தில் இருக்கும் ஆண் சரியாகத் தின்பதில்லை, இளைத்துவிடும். இருபது வயதில் அதைச் சுமப்பது அந்த உடம்புக்கே கேடு. உச்சியில் நிற்பதன் செலவு மற்ற இனங்களிலும் பதிவாகியிருக்கிறது. அம்போசெலியின் பபூன் குரங்குகளில் 125 ஆண்களின் சாணத்தை ஒன்பது ஆண்டுகள் சேகரித்துச் சோதித்தார்கள். 2011-இல் சயின்ஸ் இதழில் வந்தது. முதலிடத்து ஆணுக்கு மன அழுத்த ஹார்மோன், அடுத்த இடத்தில் இருப்பவனைவிட மிக அதிகம். வசதிகளில் பெரும்பகுதி இரண்டாமவனுக்கும் கிடைத்துவிடுகிறது, பாரம் மட்டும் குறைவு.

பபூன் என்றதும் ராபர்ட் சபோல்ஸ்கி ஆராய்ந்த கூட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. கென்யாவின் மசாய் மாராவில் சுற்றுலா விடுதியின் குப்பைக் குழியில் கிடந்த இறைச்சிக்காகப் பக்கத்துக் கூட்டத்தோடு மல்லுக்கட்டப் போனது அந்தக் கூட்டத்தின் முரட்டு ஆண்கள். அந்த இறைச்சியில் காசநோய் இருந்தது. 1980-களின் நடுவில் அவர்கள் எல்லாரும் செத்தார்கள். சாதுவான ஆண்கள் மிஞ்சினார்கள். அதன்பின் கூட்டத்தில் மேல் கீழ் வரிசை மறைந்துவிடவில்லை. ஆனால் மேலே இருப்பவன் கீழே இருப்பவனை அநாவசியமாகத் துன்புறுத்துவது குறைந்தது. பத்தாண்டு கழித்து, பழைய ஆண் ஒருவன்கூட இல்லை. வெளியிலிருந்து வந்து சேர்ந்த புதிய ஆண்களும் அதே மரியாதையைப் பழகிக்கொண்டிருந்தார்கள். வரிசை இயற்கை என்று வைத்துக்கொண்டாலும் அதன் கொடூரம் எவ்வளவு என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

இத்தனை உதாரணங்களிலும் தோற்றவனுக்கு ஒன்று மிச்சம் இருந்ததைக் கவனித்திருக்கலாம்: போக இடம். மான் மந்தைக்குப் போகிறது, சீல் கரையோரத்துக்கு நகர்கிறது, மீன் கூட்டத்தோடு கலந்துவிடுகிறது. போக இடம் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். சேவல்கட்டில் அதைத்தான் பார்க்கிறோம். காட்டில் என்றால் நாலு மிதி வாங்கிய சேவல் புதருக்குள் ஓடிப் பிழைத்திருக்கும். களத்தில் சுற்றிலும் ஆள் நிற்க, தூக்கித் தூக்கி எதிரே விட்டால் அது சாகும்வரை ‘வீரமாக’ப் போரிடுகிறது.

ஆல்ஃபா என்ற சொல்லும் அப்படிப்பட்ட ஓர் அடைப்பில்தான் பிறந்தது. ருடால்ஃப் ஷெங்கெல் 1947-இல் ஓநாய்களைப் பற்றி எழுதியது பாசல் மிருகக்காட்சிசாலையில் பார்த்ததை வைத்து. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரு சிறிய வளாகத்தில் அடைத்தால் அவை கடித்துக்கொண்டு வரிசை போட்டன. டேவிட் மெக் 1970-இல் எழுதிய ஓநாய் பற்றிய புத்தகம் அந்தக் கருத்தை உலகுக்கெல்லாம் கொண்டுபோனது. பிறகு அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கோடைக்குக் கோடை போய்ச் சுதந்திர ஓநாய்களைப் பார்த்தார். அங்கே கூட்டம் என்பது அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும். வளர்ந்த பிள்ளை சண்டை போட்டு அப்பாவைக் கவிழ்ப்பதில்லை. வேறு துணையும் வேறு நிலமும் தேடிப் புறப்பட்டுவிடுகிறது. 1999-இல் மெக் அதை எழுதினார். தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரைக் கேட்டுக்கொண்டார். விஞ்ஞானி ஒருவர் இப்படிச் செய்வது அபூர்வம். ரீல்ஸ்காரர்கள் காதில் இன்னும் விழவில்லை.

நான் கவலைப்படுவது ரீல்ஸைப் பற்றி அல்ல. நம் காடுகளையே நாம் மெல்ல மெல்ல பாசல் வளாகமாக்கிக்கொண்டிருக்கிறோம். சத்தியமங்கலத்தை ஒட்டிய காடுகளில் 1980-களின் தொடக்கத்தில் யானைகளைப் பின்தொடர்ந்த சுகுமார், வயலில் இறங்குபவை பெரும்பாலும் ஆண்கள் என்று கண்டார். கேழ்வரகும் சோளமும் காட்டுப் புல்லைவிடச் சத்து மிகுந்தவை. உடம்பு பெருத்தால்தான் வரிசையில் ஏற முடியும், நல்ல மதம் வரும், இணை கிடைக்கும் என்ற நிலையில் இருக்கும் ஆணுக்கு வெடியும் துப்பாக்கியும் தாங்கக்கூடிய ஆபத்துகள். 2019-இல் நிஷாந்த் சீனிவாசய்யா முதலானோர் எழுதிய ஆய்வு அடுத்த கட்டத்தைக் காட்டுகிறது. தென்னிந்தியாவில் காடு அருகி வயலும் ஏரியும் மிகுந்த பகுதிகளில், தனித்துத் திரிய வேண்டிய இளம் ஆண் யானைகள் குழு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் ஒன்றாகவே சுற்றுகின்றன. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயிகளுக்கு இதைச் சொல்ல ஆய்வுக் கட்டுரை தேவையில்லை. கேழ்வரகு கதிர் பிடிக்கும் காலத்தில் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் அவர்கள். கோடியக்கரையிலும் வெளிமானின் புல்வெளியைச் சீமைக் கருவேலம் தின்றுகொண்டு வருகிறது. மைதானம் சுருங்கினால் முதலில் இடம் இழப்பது ஓரத்தில் நிற்கும் அந்த மந்தைதான்.

இத்தனை யானைக்கு இவ்வளவு காடு, இத்தனை மானுக்கு இவ்வளவு புல்வெளி என்று வனத்துறையும் திட்டமிடுபவர்களும் கணக்குப் போடும்போது இணைசேரும் ஆணையும் பெண்ணையும் மட்டும் மனதில் வைத்துப் போட்டால் அது தப்புக் கணக்கு. வழிவிட்டவன் போய் நிற்க வலசைப்பாதையும் ஓரக்காடும் தனியாக ஒதுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் அவன் நிற்கப்போவது யாரோ ஒருவரின் கேழ்வரகு வயலில்.